வயிறு முன்னால், மூட்டை பின்னால்

...சரியாகத்தான் எழுதினேனா, வயிறு முன்னாலா மூட்டை பின்னாலா, கடிகாரத்தில் எனக்கு இன்னும் ஆறே நிமிஷம், எதிரே எங்கள் கிடங்குக் கணக்கர் பலகையைப் பார்க்கவில்லை, நான் ஒவ்வொரு நகர்வையும் எழுதும் தாளைத்தான் பார்க்கிறார், பதினைந்து வருஷமாகச் சம்பளத்தன்று மைப்பெட்டியை என் பக்கம் தள்ளும் அதே பார்வை, "வாய்யா கைநாட்டு." இன்று சதுரங்கப் போட்டிக்கு உட்காரும்போதும் எல்லார் முன்னாலும் அப்படித்தான் கூப்பிட்டார். ஜெயிச்சா பேர் சொல்லிக் கூப்பிடுவீங்களா சார் என்றேன், எங்கிருந்து வந்ததோ அந்தத் துணிச்சல். "ஜெயி பார்ப்போம், நூறு தடவை கூப்பிடறேன்." அதற்காகத்தான் இந்தப் பழைய தடுப்பாட்டம், கறுப்புக் காய்க்காரன் ராஜாவின் சிப்பாயை ஒரே கட்டம் நகர்த்திக் கதவைச் சாத்திக்கொள்வது, மூட்டை தூக்குகிறவனுக்குத் தெரியும், முதலில் கால் ஊன்ற வேண்டும்... ஆனால் சாத்திய கதவுக்குள் என் மந்திரியும் மாட்டிக்கொண்டான், இரண்டு மணி நேரம் கடைசி வரிசையில் சும்மா கிடந்து இப்போதுதான் டி ஏழுக்கு வந்தான்.

"நடுவர் சார், இங்க பாருங்க கூத்தை. மந்திரி இருக்கிறது டி ஏழுல, இவன் எழுதியிருக்கிறது பி ஏழு!" கணக்கர் கூவினார். நடுவர் குனிந்து பார்த்தார். "திருத்துங்க. இன்னொரு தடவை தப்பா எழுதினா அவருக்கு ரெண்டு நிமிஷம் கூட்டிக் கொடுத்துடுவேன்." பின்னால் யாரோ சிரித்தார்கள், காது சுட்டது, நாற்பத்திரண்டு வயதில் காய்ப்பேறிய விரலுக்குள் பென்சிலைச் செருகி மகள் சொன்னது, இங்கிலீஷ் சின்ன பிக்கு வயிறு முன்னால, டிக்கு முதுகுல மூட்டைப்பா, நீ தூக்குற மாதிரியே... பியை அடித்துவிட்டு முதுகில் மூட்டையை ஏற்றினேன். கணக்கர் அந்தச் சிரிப்பில் தானும் கலந்துகொண்டே ராணியை நகர்த்திவிட்டு மறுபடி என் தாளுக்கு வந்துவிட்டார். ராணி. அதே சாய்கோட்டில் அதன் பின்னால் அவருடைய யானை. என் மந்திரி பி ஐந்துக்குப் போனால்? வெட்ட முடியாது, என் சிப்பாய் காவல். ராணி ஓடினால் யானை எனக்கு. கண்ணி வைக்கிறாரா? இல்லை, இல்லை, மனுஷன் பலகையையே பார்க்கவில்லை, என் எழுத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்... வைத்தேன். இப்போதுதான் தப்பக் கூடாது, பி, வயிறு முன்னால், ஐந்து.

ராணி ஓடியது. யானை விழுந்தது. இன்னும் பத்துப் பன்னிரண்டு நகர்வு இழுத்துப் பார்த்துவிட்டு அவரே ராஜாவைச் சாய்த்தார். சொன்னபடி கூப்பிட வாயெடுத்தார், பேர் தெரியவில்லை, பதினைந்து வருஷமாக அவர் பேரேட்டில் நான் வெறும் வரிசை எண்தானே, கண் என் தாளின் உச்சிக்குப் போயிற்று, அங்கே என் கோணல் கையெழுத்தில் இருந்த பேரை, நான் வாசிப்பதுபோலவே, ஒவ்வொரு எழுத்தாகக் கூட்டி, சத்தமாகக் கூப்பிட்டார்.

யாரைக் கூப்பிடுகிறார் என்று நான் திரும்பிப் பார்த்தேன்.