திம்மப்பன் சலூனின் இரண்டு பிரஷ்கள்

பேரிகை சந்தைத் தெருவில் உள்ள திம்மப்பன் சலூனின் பன்றிமுடி பிரஷ், ஐந்து கிலோமீட்டருக்குள் யானை வந்தால் சிலிர்த்துக்கொள்ளும். மரப்பிடியும் பித்தளை வளையமும் கொண்ட சாதாரண பிரஷ்தான். பெங்களூர் சிட்டி மார்க்கெட்டில் வாங்கியது. விற்றவன் அதைப் பற்றித் தனியாக ஒன்றும் சொல்லவில்லை. 2016 கார்த்திகையில் ஒரு சாயங்காலம், ராகி விவசாயி நாராயணப்பனின் தாடைக்கு திம்மப்பன் நுரை போட்டுக்கொண்டிருந்தபோது முடியெல்லாம் ஒரே நேரத்தில் விறைத்து நின்றது. "என்னா திம்மா, முள்ளுச்செடிய வெச்சுத் தேய்க்கிறியா?" என்று நாராயணப்பன் கன்னத்தைப் பிடித்துக்கொண்டார். நாற்பது நிமிடம் கழித்து சானமாவு காட்டிலிருந்து இறங்கிய ஏழு யானைகள் அவருடைய ராகிக்கொல்லையைக் கடந்து போயின. அடுத்த வாரமும் அப்படியே நடந்தது. மூன்றாம் முறைக்குப் பிறகு ஊரில் யாரும் சந்தேகப்படவில்லை. கார்த்திகை முதல் தை வரை, சலூனில் எட்டிப் பார்த்துவிட்டுத்தான் விவசாயிகள் கொல்லைக்குப் போனார்கள். பிரஷ் சிலிர்த்திருந்தால் பட்டாசும் தப்பட்டையும் எடுத்துக்கொண்டு கும்பலாகப் போவார்கள். படுத்திருந்தால் பீடி பற்றவைத்துக்கொண்டு தனியாகப் போவார்கள்.

ஒரே ஒரு நிபந்தனை இருந்தது. பிரஷ் நனைந்திருக்க வேண்டும், ஒரு ஆளின் கன்னத்திலும் இருக்க வேண்டும். ஆணியில் மாட்டி வைத்தால் அது வெறும் பிரஷ்தான். பூசணிக்காயில் நுரை போட்டுப் பார்த்தார்கள், ஆட்டுக்கிடாவுக்கும் போட்டுப் பார்த்தார்கள், பயனில்லை. செவ்வாய்க்கிழமை சலூன் விடுமுறை என்பதை யானைகள் இரண்டே வருடத்தில் தெரிந்துகொண்டன. அதன் பிறகு அவை பெரும்பாலும் செவ்வாயில்தான் வந்தன. செவ்வாயில் சவரம் ஆகாது என்பது எல்லோருக்கும் தெரிந்த விஷயம். அதை மீற ஒருவருக்கும் மனம் வரவில்லை. ஊர்க்கூட்டம் போட்டு, கத்தி படாமல் நுரையை மட்டும் போட்டுத் துண்டால் துடைத்துவிட்டால் அது சவரம் ஆகாது என்று முடிவு செய்தார்கள். வாரத்துக்கு ஒருவர் முறை வைத்து, செவ்வாய் மதியம் மூன்று மணிக்கு வந்து கன்னத்தைக் காட்டிவிட்டுப் போனார்கள். யானைகள் ஏமாந்தன.

எட்டு அறுவடை இப்படிக் கழிந்தது. சென்ற ஐப்பசியில் புதிதாக மாற்றலாகி வந்த சுகாதார ஆய்வாளர் வெள்ளைச்சாமி சலூனுக்குள் நுழைந்தார். மதுரைப் பக்கத்துக்காரர், நேர்மையானவர், மூக்கு கூர்மை. பன்றிமுடி பிரஷ்ஷை முகர்ந்து பார்த்துவிட்டு, அது காயவே காயாது, கிருமிநாசினியில் போட்டால் முடி கொட்டிப்போகும், ஒருவன் தோல்நோய் ஊருக்கே போய்ச் சேரும் என்று நோட்டீஸ் எழுதிக் கொடுத்தார். சவரத்துக்கு நைலான் பிரஷ்தான் வைக்க வேண்டும். யானை விஷயத்தை திம்மப்பன் சொன்னார். ஆய்வாளர் முழுவதும் பொறுமையாகக் கேட்டார்.

"கதை நல்லாத்தான்ப்பா இருக்கு. அடுத்த தடவை வர்றப்ப பன்னி முடி வச்சு சவரம் பண்ணிக்கிட்டு இருந்தேன்னு வச்சுக்க, அங்கிட்டு இங்கிட்டுப் பேச்சே இல்ல. கடைக்கு சீல்தான்."

இந்தச் செய்தியில் சந்தோஷப்பட்டவர் ஊரில் ஒருவர்தான். அவர் திம்மப்பனின் மனைவி சுமலதா. மூக்கண்டப்பள்ளியில் உள்ள பிரஷ் கம்பெனி ஒன்றில் பன்னிரண்டு வருடமாக நைலான் முடியைக் கற்றையாகக் கட்டிப் பிடியில் பொருத்துகிற வேலை அவருக்கு. காலை ஐந்தரைக்குக் கம்பெனி பஸ் ஏறினால் மாலை ஆறுக்குத்தான் பேரிகையில் இறங்குவார். "நான் கட்டுன பிரஷ்ஷ ஊரு உலகமெல்லாம் மூஞ்சில பூசிக்கிது, எங்க ஊட்டுக்காரருக்கு மட்டும் பன்னி முடிதான் ஒசத்தி" என்று பஸ்ஸில் சொல்லிச் சொல்லி அவருக்கு அலுத்துப் போயிருந்தது. மறுநாளே தன் கையால் கட்டிய பிரஷ் ஒன்றைக் கொண்டுவந்து கண்ணாடிக்கு முன்னால் வைத்தார். பன்றிமுடி பிரஷ் தகரப் பெட்டிக்குள் போயிற்று.

முதல் நாளே திம்மப்பன் தப்புச் செய்தார். பன்றிமுடி தண்ணீர் குடிக்கும், ஐந்து நிமிடம் ஊறினால்தான் இளகும். பழக்க தோஷத்தில் நைலானையும் குவளையில் ஐந்து நிமிடம் ஊறப் போட்டார். நைலான் ஒரு சொட்டும் குடிக்காது. இடுக்கில் தேங்கிய தண்ணீர் நுரையோடு சேர்ந்து பள்ளிக்கூட வாத்தியார் சட்டைக்குள் ஓடியது. மாலையில் விஷயம் கேள்விப்பட்ட சுமலதா, "அது என்னா ஒட்டகமா, தண்ணி காட்டுறதுக்கு? நனைச்சு ஒரு ஒதறு ஒதறுங்க, போதும்" என்றார். அதன்படி செய்ததும் பாதி சோப்பில் இரண்டு பங்கு நுரை வந்தது. குத்தவில்லை, நாற்றமில்லை, ஒரு மணி நேரத்தில் காய்ந்தும் விட்டது. பாதி சோப்பு மிச்சமாகிற விஷயத்தை திம்மப்பன் வீட்டில் சொல்லவில்லை. ராகிக்கொல்லைக்காரர்களின் முரட்டுத் தாடியைத் தூக்கி நிறுத்தப் பன்றிமுடியால்தான் முடியும் என்பதை மட்டும் தினமும் சொன்னார்.

ஆனால் நைலானுக்கு யானை தெரியவில்லை. கார்த்திகை பிறந்த முதல் செவ்வாயன்று முறைக்காரன் கன்னத்தில் அது பஞ்சுபோல் படுத்துக் கிடந்தது. அன்று சாயங்காலம் யானைகள் வந்து நாராயணப்பனின் ராகியில் ஒரு ஏக்கரைத் தின்றும் மிதித்தும் விட்டுப் போயின. மறுநாள் சலூன் வாசலில் பன்னிரண்டு பேர் வந்து நின்றார்கள். அறுவடைக்கு இன்னும் இரண்டு வாரம் இருந்தது.

"பெட்டியத் தொற திம்மா. ஊரே களிக்கு என்னா பண்ணும்?" என்றார் நாராயணப்பன்.

"தொறந்தா கடைக்கு சீலு மாமா. கடையே இல்லைன்னா பிரஷ்ஷ யாரு மூஞ்சில வெக்கிறது?"

திம்மப்பனுக்கு அந்த ஒரு நாற்காலிதான் வாழ்க்கை. ஊருக்கு அந்த இரண்டு வாரம்தான் வருடம்.

அந்த வியாழக்கிழமை மாலை ஆறுக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது நைலான் பிரஷ் சிலிர்த்தது. அந்த நேரத்தில் அது ஒருவர் கன்னத்தில் இருந்தது அதுவே முதல் முறை. கன்னத்தைக் காட்டிக்கொண்டிருந்தவன் துண்டோடு தெருவுக்கு ஓடிக் கூவினான். முப்பது பேர் தப்பட்டையோடு கொல்லைக்கு ஓடினார்கள். ஒரு முயல்கூட வரவில்லை. வெள்ளியன்றும் அதே நேரத்துக்குச் சிலிர்த்தது, சனியன்றும் சிலிர்த்தது. ஓடி ஓடிக் களைத்த பிறகுதான், ஒவ்வொரு நாளும் அது சிலிர்த்த பத்தாவது நிமிடத்தில் கம்பெனி பஸ் வந்து நிற்பதை திம்மப்பன் கவனித்தார். பன்றிமுடி காட்டில் பிறந்தது, அதற்கு யானை தெரிந்தது. நைலான் கம்பெனியில் பிறந்தது, அதற்குக் கம்பெனி பஸ் தெரிந்தது. இதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை என்று ஊர் ஒப்புக்கொண்டது. ஆனால் சிரிப்பை அடக்க முடியவில்லை. "பஸ்ஸுக்குத்தான் ஹாரன் இருக்குதே, அதுக்கு எதுக்குப்பா பிரஷ்?" என்று டீக்கடையில் கேட்டார்கள். சுமலதா மட்டும் சிரிக்கவில்லை. தான் கட்டிய பிரஷ் தான் வருவதை வழி பார்த்து நிற்கிறது என்பதில் அவருக்கு ரகசியமாக ஒரு பெருமை இருந்தது. புருஷன் ஒருநாளும் அப்படி நின்றதில்லை.

அடுத்த செவ்வாய் மதியம் மூன்று மணிக்கு வெள்ளைச்சாமி வந்தார். விடுமுறை நாளில் கடை திறந்திருப்பதைப் பார்த்து, திருட்டுத்தனமாகப் பன்றிமுடி நடமாடுகிறது என்றே நினைத்தார். நைலான் ஒருவேளை யானைக்கும் சிலிர்க்காதா என்ற நப்பாசையில் முறைக்கு வந்திருந்த நாராயணப்பன், இது சவரம் இல்லை, நுரை மட்டும்தான் என்று ஊர் முடிவை விளக்கினார். ஆய்வாளர் நம்பாமல் தானே நாற்காலியில் ஏறி உட்கார்ந்து, "எங்க, எனக்குப் போடு பார்ப்போம்" என்றார். திம்மப்பன் நைலானை நனைத்து, உதறி, நுரை எழுப்பி அவர் கன்னத்தில் வைத்தார். இடது கன்னம் முடிந்து வலது கன்னத்துக்கு வந்தபோது முடி முழுவதும் விறைத்து நின்றது. எப்போதும் நேராக நிற்கும் முடி அன்று ஒரே பக்கமாக, பாகலூர் சாலைப் பக்கமாகச் சாய்ந்து நடுங்கியது. நடுங்கியதோடு நிற்காமல் ஆய்வாளரின் தாடையையும் அந்தப் பக்கம் திருப்பிவிட்டது.

மணி மூன்று பத்து. பஸ் வருகிற நேரமே இல்லை. மின்சாரம் போய்க் கம்பெனியில் எல்லோரையும் முன்னதாகவே அனுப்பிவிட்டது பேரிகையில் யாருக்கும் தெரியாது. ஏரிக்கரை இறக்கத்துக்கு மேலே அந்த பஸ்ஸின் காற்றுக் குழாய் வெடித்துப் பிரேக் போனதும், காற்றில் அடிக்கிற ஹாரனும் அதோடு சேர்ந்து போனதும் தெரியாது. திம்மப்பனுக்குத் தெரிந்தது ஒன்றுதான்.

"எம் பொண்டாட்டி வர்ற பஸ்ஸு சார். என்னமோ ஆயிப்போச்சு."

அன்று சந்தை நாள். தக்காளிக் கூடையும் கொத்தமல்லிக் கட்டும் தெருவை அடைத்துக் கிடந்தன. பஸ் வருது, ஒதுங்குங்க என்று திம்மப்பன் பிரஷ்ஷைத் தூக்கிக் காட்டிக்கொண்டு ஓடினார். மூன்று நாள் ஓடி ஏமாந்த ஜனம் அசையவில்லை. "வரட்டும் போப்பா, ஹாரன் அடிச்சா எந்திரிக்கிறோம்" என்றாள் வெங்கடம்மா என்கிற கீரைக்காரி. அப்போது சுகாதார ஆய்வாளர் வெள்ளைச்சாமி, முகம் நிறைய நுரையும் கழுத்தில் துண்டுமாகத் தெருவில் இறங்கினார். பிரஷ் தன் தாடையைப் பிடித்துத் திருப்பிய வேகத்தை உணர்ந்தவர் அவர் ஒருவர்தான். "கடைய எடுங்க, பூராத்தையும் எடுங்க, இல்ல இப்பவே அம்புட்டுக்கும் சீல் வச்சிருவேன்" என்று தொண்டை கிழியக் கத்தினார். பிரஷ்ஷுக்கு அசையாத சந்தை சீலுக்கு அசைந்தது. மூன்று நிமிடத்தில் கூடை, கட்டு, தராசு, ஆட்டுக்குட்டி எல்லாம் வாசல்படிகளில் ஏறிவிட்டன.

நான்காவது நிமிடத்தில் பஸ் வந்தது. சத்தமே இல்லாமல், மாடு அவிழ்ந்த வண்டிபோல் வந்தது. டிரைவர் தங்கதுரை இரண்டு கையாலும் ஸ்டியரிங்கைக் கட்டிக்கொண்டிருந்தார். சற்று முன்பு வரை நடக்க இடமில்லாத தெருவில் ஒரு வெங்காயத்தைக்கூட நசுக்காமல் ஓடி, மேட்டில் ஏறி, வேகம் குறைந்து, யானைகள் விட்டுவைத்த பங்கை அவசரமாக முன்கூட்டியே அறுத்து நாராயணப்பன் போட்டிருந்த ராகித் தாள் போரில் மூக்கைப் புதைத்து நின்றது. முப்பத்தெட்டுப் பெண்கள் ஒரு கீறல் இல்லாமல் இறங்கினார்கள். தலையெல்லாம் தாளோடு கடைசியாக இறங்கிய சுமலதா, மூச்சு வாங்க நின்ற புருஷனைப் பார்த்தார், அவர் கையில் இருந்த பிரஷ்ஷைப் பார்த்தார். அதன் முடி ஒவ்வொன்றாகப் படுத்துக்கொண்டிருந்தது. பக்கத்தில் நின்ற நுரை முகத்தைப் பார்த்து, "சாருக்கு ஏன் பாதியிலயே உட்டுட்டீங்க?" என்று கேட்டார்.

சலூனுக்குத் திரும்பி வந்த வெள்ளைச்சாமி அதே நாற்காலியில் உட்கார்ந்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். செவ்வாய் என்பதால் சவரம் கேட்கவில்லை. தகரப் பெட்டியைக் கண்ணால் காட்டினார்.

"அந்தப் பன்னி முடியையும் எடு. அது என்ன பண்ணுதுன்னு நானும் பாக்குறேன்."

நாலரை மணிக்கு, ஊறி இளகிய பன்றிமுடி பிரஷ் நாராயணப்பனின் கன்னத்தில் ஏறியது. இரண்டாவது சுற்றிலேயே சிலிர்த்து நின்றது. அவர் ஆனந்தமாக, "குத்துது சார், நல்லா குத்துது" என்றார். இந்த முறை ஊரே திரண்டு கொல்லைக்குப் போயிற்று. கம்பெனிப் பெண்கள் முப்பத்தெட்டுப் பேரும் சீருடையோடு தட்டு தட்டிக்கொண்டு போனார்கள். ஏரிக்கரையில் ஏறிய ஏழு யானைகளும் அந்தக் கூட்டத்தைப் பார்த்து, கொஞ்சம் யோசித்து, வந்த வழியே திரும்பின. அறுவடை முடிவதற்குள் நான்கு முறை வந்து நான்கு முறையும் திரும்பின. பேரிகையின் மிச்ச ராகி முழுவதும் களத்துக்கு வந்து சேர்ந்தது. முதல் மூட்டையை நாராயணப்பன் சலூன் வாசலில் இறக்கினார்.

விதியை வெள்ளைச்சாமி மீறவில்லை. சவரத்துக்கு நைலான்தான். ஆனால் நுரை போட்டுத் துண்டால் துடைத்துவிட்டால் அது சவரம் ஆகாது என்று ஊர்க்கூட்டம் ஏற்கெனவே முடிவு செய்திருப்பதை அவர் ஏற்றுக்கொண்டார். அதைச் செவ்வாயில் மட்டும் ஏன், எல்லா நாளும் பன்றிமுடியால் செய்யலாமே என்றார். ஒரே நிபந்தனையாக, முறைக்காரர் தோல்நோய் இல்லாதவராக இருக்க வேண்டும் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். அவருடைய பதிவேட்டில் திம்மப்பன் சலூனுக்கு நேரே இன்றும் இப்படித்தான் இருக்கிறது: சவர பிரஷ், நைலான், ஒன்று. யானை பார்க்கும் கருவி, ஒன்று. இரண்டும் நல்ல நிலையில் உள்ளன.

இப்போது இரண்டு பிரஷ்களும் கண்ணாடிக்கு முன்னால் ஒரே கிண்ணத்தில் நிற்கின்றன. வாடிக்கையாளர் ஒருவருக்கு முதலில் பன்றிமுடி, துண்டு, பிறகு நைலான், கத்தி என்பது வழக்கமாகிவிட்டது. ஆறுக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது நைலான் சிலிர்த்தால் திம்மப்பன் கையைக் கழுவிக்கொண்டு வாசலில் போய் நிற்கிறார். பஸ்ஸிலிருந்து இறங்கும் சுமலதா அதைப் பார்க்காததுபோல் பார்த்துக்கொண்டு வருகிறார்.

போன மாதம் கோயம்புத்தூரிலிருந்து மாற்றலாகி வந்த இன்ஜினியர் ஒருவர் சவரத்துக்கு உட்கார்ந்தார். எதற்கு இரண்டு பிரஷ் என்று கேட்டார். இது யானைக்கு, இது பஸ்ஸுக்கு என்றார் திம்மப்பன். அப்படியானால் மழைக்கு எது என்று இன்ஜினியர் கேட்டார்.

"மழைக்கு வானத்தப் பாத்தா தெரியுமே சார்" என்றார் திம்மப்பன். கத்தியைத் துடைத்துவிட்டு அவர் தாடையைத் தூக்கிப் பிடித்தார்.