வலத் தோளில் முந்தானை

பொன்விழா மலர் மாலை ஐந்து மணிக்குள் அச்சகத்துக்குப் போயாக வேண்டும். மெல்பேர்ண் புறநகரான கிளேட்டனில் விக்னராஜாவின் சாப்பாட்டு மேசை முழுக்கப் பக்கங்கள் பரவிக் கிடந்தன. ஐம்பது வருடங்களுக்கு முன்பு, மூன்று பெட்டிப் புத்தகங்களோடு அந்நகரில் தமிழ் நூல்நிலையம் தொடங்கிய கதைதான் அந்த மலர். முதல் பக்கத்துக் கறுப்பு வெள்ளைப் படத்தில் ஒரு மண்டபச் சுவரை ஒட்டி, இளவயது விக்னராஜா உட்பட ஏழு பேர் நின்றார்கள். ஆறு பெயர்களைத் தட்டச்சு செய்துவிட்டு, ஏழாவதுக்கு ‘பெயர் தெரியவில்லை’ என்று போட்டிருந்தார்.

“அது என்ர அம்மா, அங்கிள். ஞானம்மாள்,” என்றாள் கலா.

மெல்பேர்ணிலிருந்து ஊர் திரும்பிய அம்மா இறந்தபோது கலாவுக்கு மூன்று வயது. முகம் நினைவில்லை. போரில் யாழ்ப்பாணத்து வீட்டோடு படங்களும் போய்விட்டன. மிஞ்சியது ஒரு பாஸ்போட் படம் மட்டும். அதை அவர் முன்னால் நகர்த்தினாள்.

விக்னராஜா பூதக்கண்ணாடியால் இரண்டையும் மாறி மாறிப் பார்த்தார். “சாயல் இருக்குது பிள்ளை. ஆனா உன்ர அம்மாவுக்கு மச்சம் இடக் கன்னத்தில. இந்தப் பிள்ளைக்கு வலக் கன்னத்தில. நான் பிழையான பெயரைப் போட்டா, இனி அதுதான் வரலாறு.”

அவர் சொன்னது நியாயம்தான். கலா படத்தைத் தன் பக்கம் இழுத்து உற்றுப் பார்த்தாள். ஆஸ்பத்திரியில் எக்ஸ்றே எடுப்பது அவள் வேலை. ஒவ்வொரு படத்திலும் இது இடம், இது வலம் என்று ஈய எழுத்து வைக்காமல் அவள் பொத்தானை அமத்துவதில்லை. பழக்க தோஷத்தில் இங்கேயும் அப்படி ஒரு அடையாளத்தைத் தேடினாள்.

“அங்கிள், இதில நிக்கிற மூண்டு பொம்பிளையளும் முந்தானையை வலத் தோளில போட்டிருக்கினம். ஏன்?”

“அந்தக் காலத்து ஸ்டைலாக்கும்.”

“ஸ்டைலோ? சரி, படத்தில உங்கட சேட்டுப் பொக்கற்றும் வலப் பக்கத்தில இருக்குது. உங்கட தையல்காரன் குடிச்சுப்போட்டுத் தைச்சவனோ?”

விக்னராஜா குனிந்து தன் நெஞ்சைப் பார்த்தார். பிறகு படத்தில் இருந்த இருபத்தெட்டு வயது நெஞ்சைப் பார்த்தார்.

கலாவுக்கு உற்சாகம் பிடித்துக்கொண்டது. பழைய ஃபிலிம் சுருளுக்கு ஒரு பக்கம் பளபளப்பு, மறுபக்கம் மங்கல். இருட்டறையில் மங்கல் பக்கம் கடதாசியைப் பார்த்தபடி இருக்க வேண்டும். அவசரத்தில் யாராவது புரட்டி வைத்துவிட்டால், அப்போதும் படம் துல்லியமாகத்தான் வரும். ஆனால் கண்ணாடியில் பார்ப்பதுபோல இடமும் வலமும் மாறிவிடும். எழுத்து இருந்தால் உடனே பிடிபடும். வெறும் சுவரும் முகங்களும் என்றால் ஐம்பது வருடமானாலும் பிடிபடாது. இதையெல்லாம் சொல்லிக்கொண்டே மடிக்கணினியில் படத்தை இடம் வலமாகப் புரட்டினாள்.

முந்தானைகள் இடத் தோளுக்கு வந்தன. மச்சம் இடக் கன்னத்துக்கு வந்தது.

விக்னராஜா மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். “அட, இதுதான் அந்த மண்டபம்! இவ்வளவு காலமும் ஏதோ வேற இடம் மாதிரி இருந்தது. இந்தப் பக்கம்தான் குசினி. ஓம்... உன்ர அம்மா அங்கயிருந்துதான் வந்தவ. படம் எடுக்கக் கூப்பிட, தேத்தண்ணி ஆறிப்போகும் எண்டு சொல்லிக்கொண்டு வந்தவ.”

‘பெயர் தெரியவில்லை’ என்பதை அழித்துவிட்டு, ஒவ்வொரு எழுத்தாகத் தேடி அழுத்தினார்: ஞானம்மாள். நேரம் நாலே முக்கால்.

“என்ன நிறச் சேலை, அங்கிள்?”

அவர் கண்ணை மூடிக்கொண்டார். “நீலம் எண்டு சொல்ல ஆசையா இருக்குது,” என்றார். “ஆனா ஞாபகமில்லை, பிள்ளை.”

“பரவாயில்லை,” என்றாள் கலா. “குரல்?”

“குரல் ஞாபகம் இருக்குது,” என்று அவர் கதிரையை அவள் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டார்.