மூன்றாவது கேள்வி

1.

இந்தக் கதை ஒரு தபால் கார்டிலிருந்து பிறந்தது. முழுக்க என் கற்பனை என்று சொல்லிக்கொள்ளத்தான் ஆசை. ஆனால் கார்டு இதோ, நோட்டுக்குள் இருக்கிறது. மதராஸில் உள்ள ஓர் ஆஸ்பத்திரி வருஷம் ஒருமுறை அனுப்புவது. 1976இல் என் மனைவி தனத்துக்குக் கர்ப்பப்பையில் புற்றுநோய் என்று சொல்லி, அங்கேதான் ஆபரேஷன் செய்து எடுத்தார்கள். அன்றிலிருந்து கண்காணிப்பு. தை மாதம் நேரில் போய்க் காட்ட வேண்டும். ஐப்பசியில் இந்தக் கார்டை நிரப்பி அனுப்ப வேண்டும். இது எட்டாவது கார்டு.

கேள்விகள் அச்சடித்தவை. முதலாவது: நோயாளி உயிருடன் இருக்கிறாரா? இரண்டாவது, எடை. மூன்றாவது: உதிரப்போக்கு உண்டா? (கர்ப்பப்பையை எடுத்தவளுக்கு அது இருந்தால், நோய் திரும்பியிருக்கலாம்.)

முதல் கேள்வி அவள் கண்ணில் படக்கூடாது என்றுதான் நான் வேலை பார்க்கும் தாலுகா ஆபீஸ் விலாசத்தைக் கொடுத்திருந்தேன். கார்டு வந்ததும் அங்கேயே நிரப்பிப் போட்டுவிடுவேன். இந்தத் தடவைதான் நிரப்பாமல் வீட்டுக்குக் கொண்டுவந்திருக்கிறேன். மூன்றாவது கேள்விக்கு ஏழு தடவையும் 'இல்லை' என்றே எழுதினேன்.

(ஏழு தடவையும் அவளைக் கேட்கவில்லை. பெண்டாட்டியிடம் இதை எப்படிக் கேட்பது? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.)

2.

ஆரம்பம், முதல் முயற்சி: "வள்ளி பெரிய கோயிலுக்குப் போகாத அந்தப் பிரதோஷத்தன்று..."

வேண்டாம். பெயரை மாற்றிவிட்டால் யாரென்று தெரியாதா? பக்கத்து வீட்டு முன்னி பேகமே கண்டுபிடித்துவிடுவார்.

இரண்டாவது முயற்சி: "தனம் பொய் சொன்னாள்."

இது பரவாயில்லை. ஆனால் சாட்சி வேண்டும். ஆபரேஷனுக்குப் பிறகு அவள் ஒரு பிரதோஷம் விட்டதில்லை. "இனிமே மாசம் மூணு நாள் ஒதுங்கற வேலை இல்ல. சாமிய ஜாஸ்தியா பாக்கலாம்" என்று ஆஸ்பத்திரிக் கட்டிலிலேயே சிரித்தவள். அவள் இந்த மாதம் இரண்டு பிரதோஷத்துக்கும் கோயிலுக்குப் போகவில்லை.

கால் வலியாம். அந்தக் கால் வலிக்காரி இரண்டாவது பிரதோஷத்தன்றே மாடி ஏறித் துணி உலர்த்திவிட்டு வந்தாள். பதினெட்டுப் படி. நடுவில் ஒரு தடவைகூட நிற்கவில்லை. கீழே நின்று எண்ணிக்கொண்டிருந்தேன்.

3.

எழுத்தாளன் தன் பாத்திரத்தைச் சந்தேகிப்பது சகஜம். பாத்திரம் எழுத்தாளனைச் சந்தேகித்தால் என்ன செய்வது?

"ஒண்ணும் இல்லன்னா ஏங்க வருஷா வருஷம் வரச்சொல்றாங்க?" என்று நேற்று மத்தியானம் கேட்டாள்.

"அது வழக்கம்."

"இன்னா வழக்கம்? பல்லு புடுங்கின டாக்டர் வருஷா வருஷம் கூப்புட்றாரா? உங்ககிட்ட இன்னாவோ சொல்லிகீறாரு. மறைக்கறீங்க."

"நீ எதையும் மறைக்கலியா?"

"நான் இன்னாத்த மறைக்கப் போறேன்? சோறு போடட்டுமா?"

சோறு போட்டாள். அவள் எவ்வளவு சாப்பிடுகிறாள் என்று நான் பார்த்தேன். கார்டு இருந்த என் சட்டைப் பையை அவள் பார்த்தாள்.

பயமாக இருக்கிறது. அவள் இல்லாமல் இந்த வீட்டில் நான் எப்படி...

(இந்த வாக்கியம் வேண்டாம்.)

4.

முடிவு அ: கால் வலி நிஜம். 'இல்லை' என்று எழுதிப் போடுகிறேன். தை மாதம் டாக்டர் பார்த்துவிட்டு, "அடுத்த வருஷம் வாங்க" என்கிறார். தனம் வழக்கம்போல அவரையும் சந்தேகப்படுகிறாள்.

முடிவு ஆ: 'உண்டு' என்று எழுதுகிறேன். உடனே வரச்சொல்லித் தந்தி வருகிறது. பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து அவள்...

இதற்கு மேல் கை ஓடவில்லை. அ-வா, ஆ-வா என்று தெரிய ஒரு கேள்வி கேட்டால் போதும். அதைக் கேட்காமல் தப்பிக்கத்தான் இத்தனை பக்கம் எழுதுகிறேனோ என்று இப்போது என் மேலேயே சந்தேகம். கார்டை இந்தப் பக்கத்தில் வைத்து நோட்டை மூடிவிட்டுக் குளிக்கப் போகிறேன்.*

* நான் ஒருத்தி இங்க இருக்கறப்போ, என்னக் கேக்காம ஊரக் கேப்பீங்களா?

5.

மேலே உள்ள அடிக்குறிப்பு என் கையெழுத்து அல்ல.

தனம் எட்டாம் வகுப்பு வரை படித்தவள். நான் குளித்துவிட்டு வந்தபோது நோட்டு திறந்து கிடந்தது. கார்டைக் காணோம். அதைத் தெருமுனைத் தபால் பெட்டியில் போட்டுவிட்டு வந்து, வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தாள்.

"உசுரோட கீறேன்னு நானே எழுதிட்டேன்" என்றாள். "இதுக்கா ஏழு வருஷம் ஒளிச்சு வெச்சீங்க?"

"மூணாவதுக்கு?"

"அதுவும் எழுதியாச்சு."

"இன்னா எழுதின?"

"கார்டுல இன்னா எழுதினேன்னு கேக்காதீங்க. எனக்கு இன்னா ஆவுதுன்னு கேளுங்க."

சொல்லிவிட்டுச் சமையல்கட்டுக்குள் போய்விட்டாள்.

வாசகரே, பதில் தெரிய வேண்டும் என்று உங்களுக்கும் இருக்கும். அ, ஆ இரண்டில் எது வேண்டுமோ எடுத்துக்கொள்ளுங்கள். ஆனால் அது அவள் உடம்பு. உங்களைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு நான் கேட்கமாட்டேன். உள்ளே பாத்திரச் சத்தம் நின்றுவிட்டது. காத்திருக்கிறாள். பேனாவை மூடிவிட்டு நான்