காபி மேல் போட்ட பழி

பரிசோதனைக் கூடத்தில் ரத்தம் எடுக்கும் வேலை அவளுக்கு. ஊசி இறங்குவதே தெரியாது என்று வருகிறவர்களெல்லாம் ‘பூ ஊசி அக்கா’ என்று பெயர் வைத்திருந்தார்கள். அப்பேர்ப்பட்டவளின் வலது கைதான் சில மாதங்களாக நடுங்கிக்கொண்டிருந்தது.

காலையில் சமையலறை மேடையில் சாய்ந்து நின்று குடிக்கும் முதல் வாய்க் காபி இருக்கிறதே, அதற்கு அவள் சொத்தையே எழுதிக் கொடுத்துவிடுவாள். அந்த நேரத்தில் யார் கூப்பிட்டாலும் காதில் விழாது. இப்போதோ தம்ளர் உதட்டுக்கு வருவதற்குள் காபி தளும்பிக் கையில் வழிந்தது.

“எல்லாம் இந்தக் காபி பண்ற வேலை,” என்று பார்ப்பவர்களிடமெல்லாம் சொல்லி வைத்திருந்தாள். “அப்போ டீக்கு மாறிடுங்களேன்,” என்றார் கூடத்து டாக்டர். தலையை ஆட்டினாளே தவிர மாறவில்லை. நாக்கைக் கட்டத் தெரியாதவள் என்று கணவன் கேலி செய்தான். அவளுக்கல்லவா தெரியும் அவள் பாடு! அப்பாவுக்கும் இப்படித்தான் வலது கையில் தொடங்கியது. கடைசியில் அவள்தான் அவருக்குச் சோறு ஊட்டினாள். காபி குடிக்கிறவரை காபியைத் திட்டலாம். அதையும் விட்ட பிறகு கை நடுங்கினால் யாரைத் திட்டுவது?

ஆனால் நேற்று ஒரு கைக்குழந்தைக்கு ஊசி நரம்பைத் தவறி இறங்கிவிட்டது. தாய்க்காரி திட்டியிருந்தால்கூடத் தேவலை. குழந்தையை இழுத்து அணைத்துக்கொண்டு இவள் விரல்களையே பார்த்தாள்.

“நாளையிலேருந்து எனக்கு டீ போட்டுடுங்க,” என்றாள் இன்று காலை, தினமும் காபி போட்டுத் தரும் கணவனிடம். “நெஜமாத்தான் சொல்றேன்.”

கேலி செய்வான் என்று நினைத்தாள். கணவன் அடுப்பை அணைத்துவிட்டுத் திரும்பாமலே நின்றான்.

“என்னங்க, பேச்சே காணோம்?”

“கோவிச்சுக்காம கேளு. போன மாசமே காபிப் பொடிய மாத்திட்டேன். நடுக்கம் தர்ற கஃபீன நீக்கின பொடி. ருசி தெரியாதுன்னு கடைக்காரர் சொன்னாரு. உன் கை சரியானதும் சொல்லலாம்னு இருந்தேன்.”

“அப்புறம்?”

“தெனமும் உன் கையத்தான் பாத்துட்டிருந்தேன். நடுக்கம் கொறையவே இல்ல. சொல்லப் பயமா இருந்துச்சும்மா.”

அவள் கையிலிருந்த காபித் தம்ளரை மேடையில் வைத்துவிட்டு அதையே வெறித்தாள்.

“பால்ல ஏதாவது இருக்குமோங்க?” என்றாள்.

அவன் வாசலுக்குப் போய் அவள் செருப்பை எடுத்து வந்து, “டாக்டர்கிட்ட போலாம், வா,” என்று காலடியில் வைத்தான்.