அண்ணன் விட்டுப்போன பிளாஸ்திரி

கிம்ச்சி ஊறுகாய்க்கு ஊறப்போட்ட முட்டைக்கோஸ் தொட்டியைத் தனியாகத் தூக்கப்போய் மல்சுக்கின் முதுகெலும்பில் விரிசல் விழுந்தது. எழுபத்தொன்பது வயதில் இது தேவையா? சொன்னால் கேட்கிற ஜென்மமா அவள்! டாக்டர் சின்னதாக ஒரு வலி மாத்திரை கொடுத்து, வலி கேட்காவிட்டால் வந்து சொல்லுங்கள் என்றார். கேட்கவில்லை. ராத்திரி பகல் பாராமல் முனகினாள். பக்கத்தில் உட்கார்ந்திருந்த அவள் புருஷன் தோக்சுவுக்குப் பைத்தியமே பிடித்துவிடும் போலிருந்தது.

"யோவ் கிழவா, என் மூஞ்சியவே பாத்துக்கிட்டு உக்காந்திருக்கியே, ஏதாவது பண்ணேன்யா!"

பண்ணினார். அந்த வீட்டில் வலிக்கு மருந்துப் பிளாஸ்திரி ஒட்டுவது பல் தேய்ப்பது மாதிரி. முட்டிக்கு ஒன்று, தோளுக்கு ஒன்று, பக்கத்து வீட்டுக்காரர் கேட்டால் அவருக்கும் ஒன்று. புற்றுநோயில் போய்ச்சேர்ந்த அவருடைய அண்ணனுக்கு ஆஸ்பத்திரியில் கொடுத்த வலிப் பிளாஸ்திரி கொஞ்சம் மிச்சம் இருந்தது. "பிரமாதமான மருந்து, வீணாக்காதீங்க" என்று அண்ணிதான் கொடுத்துவிட்டிருந்தாள். காலையில் அதில் ஒன்றைப் பெண்டாட்டி முதுகில் ஒட்டினார். மதியம்வரை ஒன்றும் தெரியவில்லை. சரி, முதுகுக்குச் சூடும் வேண்டும்போல என்று, குளிருக்காக அடியில் சூடேற்றிய தரை நன்றாகக் காய்கிற மூலையில் மெத்தையை இழுத்துப்போட்டு, அவளைப் படுக்கவைத்துக் கம்பளியால் மூடினார்.

சாயங்காலம் முனகல் நின்றது. குறட்டை கிளம்பியது. அப்பாடா! தோக்சு டிவி சத்தத்தைக் குறைத்துவிட்டு நிம்மதியாகக் கஞ்சி குடித்தார்.

வேலை முடிந்து வந்த மகள் ஹேரிம் வாசலிலேயே நின்றாள். "அம்மா ஏம்ப்பா இப்படிக் குறட்டை விடறாங்க?"

"ஷ்ஷ், எழுப்பிடாதே. இப்பத்தான் பாவம், கண் அசந்திருக்கா."

மகள் குனிந்து பார்த்தாள். உதடு நீலம் பாரித்திருந்தது. குறட்டை ஒன்று வந்தது. அடுத்தது வரவேயில்லை.

"அம்மா! அம்மா!" கன்னத்தில் அறைந்தாள். கண் திறக்கவில்லை. "அப்பா, மூச்சே வரலைப்பா!"

தோக்சுவுக்குத் தூக்கிவாரிப்போட்டது. கஞ்சிக் கிண்ணம் கவிழ்ந்ததுகூடத் தெரியவில்லை. ஆம்புலன்ஸ்காரர்கள் வந்து அந்தப் பிளாஸ்திரியைப் பிய்த்தெடுத்தார்கள்.

"யார் ஒட்டினது இதை?" ஆஸ்பத்திரியில் டாக்டர் முறிமருந்து ஊசியை ஏற்றிக்கொண்டே கத்தினார். அண்ணன் கதையிலிருந்து சூடான தரைவரை தோக்சு சொல்லி முடிப்பதற்குள் டாக்டர் வெடித்தார். "உங்க அண்ணன் உடம்புக்கு இது மாசக்கணக்காப் பழகினது தாத்தா! இவங்களுக்குப் புதுசு. வயசானவங்களுக்குத் துளியா ஆரம்பிச்சு மெல்ல மெல்லத்தான் ஏத்தணும், அதுக்குத்தானே அந்தச் சின்ன மாத்திரை! போதாக்குறைக்குச் சூடான தரை வேற. சூடு பட்டா இந்த மருந்து மடமடன்னு உள்ள இறங்கும். மூச்சையே நிறுத்திடும்."

தோக்சு அப்படியே தரையில் உட்கார்ந்தார். நான்தானா? இவளுக்கு நானேவா எமன் ஆகிவிட்டேன்?

ஊசி வேலை செய்தது. கூடவே அடங்கியிருந்த வலியும் ஒட்டுமொத்தமாகத் திரும்பியது. மல்சுக் கண்ணைத் திறந்ததும் ஆஸ்பத்திரியே அதிரக் கத்தினாள். "ஐயோ! முதுகு போச்சே! உயிர் போகுதே!"

"கத்துடி! இன்னும் நல்லாக் கத்து!" தோக்சு எழுந்து ஓடிவந்து, சிரிக்கிறாரா அழுகிறாரா என்றே தெரியாமல் கட்டிலைப் பிடித்துக்கொண்டார்.

அவள் அவரைப் பார்த்ததும் குரலைத் தாழ்த்தினாள். "எவன்யா என்னை எழுப்பினது? சுகமாத் தூங்கிட்டிருந்தேன். உன் கை பட்டப்புறந்தான்யா வலியே போச்சு. இன்னொண்ணு ஒட்டி விடேன்."

அவருடைய கையைப் பிடிக்கத் தன் கையை நீட்டினாள். தோக்சு இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டார்.