நடுவில் நின்ற முள்

நிரோஷாவின் பிக்கப் பல்லேகல கராஜை விட்டுப் போய் ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை. பெட்ரோல் எஞ்சினைக் கழற்றி டீசல் எஞ்சின் ஏற்றியும், கம்பனி வைத்த மீட்டர்களும் கம்ப்யூட்டரும் அப்படியே வேலை செய்தன. அந்தப் பெருமையோடு மேசையை ஒதுக்கிய மெக்கானிக் முஸ்அப், டப்பாவில் இருக்கவேண்டிய குட்டி ரெசிஸ்டரை, மின்சாரத்தைத் தடுக்கும் அந்தத் துண்டை, காணாமல் திகைத்தார்.

எஞ்சின் இல்லாத நாட்களில் கம்ப்யூட்டர் சிவப்பு விளக்கைப் போடாமலிருக்க, சூடு அளக்கும் வயரில் அதைச் செருகி ஏமாற்றியிருந்தார். கழற்ற மறந்துவிட்டார். எஞ்சின் எவ்வளவு கொதித்தாலும் மீட்டர் முள் இனி நடுவிலேயே நிற்கும். "ரேடியேட்டர் பழசு, முள்ளு நடுவைத் தாண்டினா நிப்பாட்டுங்க" என்று சொல்லி அனுப்பியதும் அவரேதான். நிரோஷாவோ உர மூட்டைகளோடு ஹுன்னஸ்கிரிய மலை ஏற்றத்துக்குப் போயிருக்கிறாள்.

இரண்டு முறை அழைத்தும் பதில் இல்லை. கராஜுக்குள் குறுக்கும் நெடுக்கும் நடந்தார். மூன்றாம் முறை எடுத்தாள்.

"முஸ்அப் நானா, பாதி ஏத்தம் ஏறிட்டேன். முள்ளு ஆணியடிச்ச மாதிரி நடுவுலயே நிக்குது. உங்க கையே கை!"

"தங்கச்சி, உடனே ஓரமா நிப்பாட்டுங்க! அந்த முள்ளு பொய். நான்தான் வயர்ல பிழை விட்டுட்டேன்."

போனில் எஞ்சின் சத்தம் அடங்குவது கேட்டது. பிறகு உஸ்ஸென்று ஒரு சீறல்.

"பொனட்டுல ஆவி வருது நானா!"

"எஞ்சின் டக்டக்னு தட்டுற சத்தம் கேட்டிச்சா?"

"இல்ல, நல்லாத்தான் இழுத்திச்சு."

"அப்ப தப்பிச்சோம். ரேடியேட்டர் மூடியில கை வெச்சிராதீங்க, நான் வாறேன்."

"வாங்க, வாங்க. இதுக்கு முள்ளப் படமா வரைஞ்சே ஒட்டியிருக்கலாமே!"

முஸ்அப் தண்ணீர்க் கேனைத் தூக்கிக்கொண்டு மோட்டார் சைக்கிளை நோக்கி ஓடினார்.