மூன்றாம் எண் பாட்டில்

சங்கு ஊதியதும் தனத்தின் கையிலிருந்த பாட்டில் நழுவி, கிணற்றடிக் கல்லில் விழுந்து உருண்டது.

மணி பத்தே முக்கால்தான். சிமெண்ட் கம்பெனியின் சுண்ணாம்புக்கல் சுரங்கத்தில் வெடி வைப்பது எப்போதும் மதியம் ஒன்றரைக்கு. அதற்கு ஐந்து நிமிடம் முன்னால் சங்கு ஊதும். கரட்டுக்குடிக்காட்டில் ஆடு மேய்ப்பவர்கள்கூட அந்தச் சங்கைக் கேட்டுத்தான் சோற்றுத் தூக்கைத் திறப்பார்கள். இன்றைக்கு நேரங்கெட்ட நேரத்தில் ஊதவும், தெருவில் இருந்த பெண்கள் பிள்ளைகளை இழுத்துக்கொண்டு வீட்டுக்குள் ஓடினார்கள். தனம் ஓடவில்லை. திருட்டுக் கையைப் பிடித்ததுபோல் அப்படியே நின்றாள். காரணம், உருண்டு கிடந்த பாட்டிலில் ஒட்டியிருந்த சீட்டில் மூன்று என்று எழுதியிருந்தது. அவள் நின்றிருந்ததோ இரண்டாம் எண் கிணற்றடியில்.

வெடி வெடிக்கவில்லை. சங்கு பாதியிலேயே நின்றுபோனது. யாரோ எதையோ தவறாக அமுக்கியிருக்க வேண்டும். தனம் பாட்டிலை எடுத்துக் கழுவி, அதே கிணற்றுத் தண்ணீரை மறுபடி பிடித்து, மூடியைத் திருகிப் பைக்குள் வைத்தாள். ஏழு மாதமாகச் செய்கிற வேலை.

வியாழக்கிழமை தோறும் ஊரில் மூன்று கிணறுகளில் தண்ணீர் பிடித்து, சிமெண்ட் கம்பெனி ஆய்வகத்தில் கொடுக்க வேண்டும். காண்ட்ராக்ட் வேலை. பார்த்துச் சொல்கிற முடிவை, பஸ் நிறுத்தத்தில் நிற்கும் பெரிய போர்டில் கம்பெனியே எழுதி வைக்கும். ஒன்று, இரண்டு, மூன்று என்று வரிசையாக. நல்லதாக இருந்தால் பச்சை, கெட்டதாக இருந்தால் சிவப்பு. இரண்டு வருடம் முன்னால் ராஜராஜன் என்ற மேனேஜர் வந்த பிறகு ஆரம்பித்த பழக்கம். காற்றில் எவ்வளவு தூசி, எத்தனை மணிக்கு வெடி, எல்லாம் அந்த போர்டில் வரும். முதலில் ஊரே சிரித்தது. "அவன் தூசிய அவனே எழுதிப் போடுவானாக்கும்" என்றார்கள். ஒருமுறை தூசிக்கு நேரே சிவப்பில் எழுதிப் போட்ட அன்றுதான் சிரிப்பு நின்றது. அதற்குப் பிறகு போர்டு சொன்னதுதான் சட்டம். கீழத்தெருவின் பதினான்கு வீடுகளும் மூன்றாம் எண் கிணற்றுத் தண்ணீரைக் குடிப்பது அந்தப் பச்சை எழுத்தை நம்பித்தான்.

மூன்றாம் எண் கிணறு தனத்தின் கணவன் வீரமுத்துவின் அண்ணன் கண்ணையனுடையது. அண்ணன் பெண்டாட்டி உண்ணாமலையும் தனமும் ஒரு காலத்தில் ஒரே தட்டில் முந்திரிப்பழம் நறுக்கித் தின்றவர்கள். போன கார்த்திகையில், பொது வரப்பில் நின்ற வேப்பமரத்தைக் கண்ணையன் கேட்காமல் வெட்டிவிட்டான். வார்த்தை தடித்தது. ஆண்கள் இரண்டு பேரும் நாலு நாளில் டீக்கடையில் சேர்ந்துகொண்டார்கள். பெண்கள் சேரவில்லை. "செத்தாலும் உன் கெணத்து மேட்ட மிதிக்க மாட்டேன்" என்று தனம் நடுத்தெருவில் மண்ணை வாரித் தூற்றிச் சொல்லியிருந்தாள். சொன்ன மறுநாள் வியாழக்கிழமை. சட்டென்று வேறு வழி தோன்றவில்லை. இரண்டாம் எண் கிணற்றிலேயே இரண்டு பாட்டிலையும் பிடித்தாள். முடிவு பச்சையில் வந்தது. ஒன்றும் ஆகிவிடவில்லை. அடுத்த வாரம் இன்னும் சுலபமாக இருந்தது.

அன்று மதியம் சாப்பிட உட்கார்ந்த வீரமுத்து, சோற்றைப் பிசைந்துகொண்டே சொன்னான்: "சுவாதி புள்ளையத் தூக்கிக்கிட்டு வந்திருக்குது. இனி மூணு மாசம் அண்ணன் வூட்டுலதான் இருக்கும். பச்ச மண்ணு மாதிரி கெடக்குது கொழந்த. பால் பத்தலையாம். பவுடர் கரைச்சு ஊத்துறாங்க."

"எந்தத் தண்ணியில?"

"என்னடி கேள்வி? வூட்டுக் கெணத்துத் தண்ணிதான். நல்லா கொதிக்க வச்சு ஆத்தித்தான் குடுக்குறாங்க."

கண்ணையனின் மகள் சுவாதி, தனத்தின் இடுப்பில் வளர்ந்த பெண். வளைகாப்புக்குப் போகவில்லை. பிள்ளை பிறந்த சேதியும் மூன்றாம் மனிதர் சொல்லித்தான் தெரிந்தது.

மறுநாள் காலி பாட்டில்களை வாங்க ஆய்வகத்துக்குப் போனபோது, லாவண்யாவிடம் போகிற போக்கில் கேட்பதுபோல் கேட்டாள். லாவண்யா பெரம்பலூரிலிருந்து தினமும் பஸ்ஸில் வந்து போகிற பெண். ஆய்வகத்தில் தண்ணீரையும் தூசியையும் அளப்பது அவள் வேலை. காலையில் வரும்போதே பாதி களைத்திருப்பாள்.

"ஏம் பாப்பா, எந்தத் தண்ணியா இருந்தாலும் காய்ச்சிட்டா சரியாப் போயிடும்ல?"

"கிருமின்னா சாகும்க்கா. எல்லாம் போவாது. நைட்ரேட்டுன்னு ஒரு உப்பு இருக்கு. உரம் போட்டாலும் எறங்கும், மாட்டுச் சாணத்துலேருந்தும் எறங்கும், வெடிமருந்துலேருந்தும் எறங்கும். அது காய்ச்சக் காய்ச்சக் கூடத்தான் செய்யும்."

"குடிச்சா?"

"பெரியவங்களுக்கு ஒண்ணும் பண்ணாது. ஆறு மாசத்துக்குள்ள இருக்குற கொழந்தைன்னா ஆபத்து. ஒடம்பு நீலம் பூத்துரும். அதுக்குத்தானக்கா வாரா வாரம் பாக்குறோம். உங்க ஊர்ல மூணும் சுத்தம். ரெண்டாவதும் மூணாவதும் ரெட்டப் புள்ளைங்க மாதிரி ஒரே கணக்கா வருது. என் மெஷின்தான் மக்கர் பண்ணுதோன்னு ரெண்டு தடவ சரி பாத்தேன்."

தனம் பாட்டில்களை எண்ணாமலே பையில் போட்டுக்கொண்டு வந்தாள். வழியெல்லாம் சுண்ணாம்புக்கல் லாரிகள் தார்ப்பாயை இழுத்துக் கட்டிக்கொண்டு போயின. சாலையோரக் கருவேலம் வெளுத்துக் கிடந்தது. அந்தக் கிணற்றுத் தண்ணீர் நல்லதாகவே இருக்கலாம். எத்தனை வருடமாகக் குடித்த தண்ணீர்! ஆனால் நல்லதென்று யாருக்கும் தெரியாது. தெரியாததைத்தான் அவள் பச்சை எழுத்தாக்கி வைத்திருந்தாள்.

ராத்திரியோடு ராத்திரியாக யோசித்து, மறுநாள் வீரமுத்துவை அண்ணனிடம் அனுப்பினாள். குழந்தைக்கு மட்டும் கேன் தண்ணீர் வாங்கச் சொல்லுங்கள் என்றாள். அவன் போன வேகத்தில் திரும்பி வந்தான்.

"போர்டுல பச்சையா எழுதியிருக்குல்ல, உன் பொண்டாட்டிக்கு எங்க கெணத்து மேல என்ன வயித்தெரிச்சல்னு அண்ணன் கேக்குறாரு."

அவள் எழுத வைத்த பச்சைதான் இப்போது அவளுக்கே வாய்ப்பூட்டு.

அடுத்த வியாழன் வரை பொறுத்து, சத்தம் போடாமல் மூன்றாம் கிணற்றிலேயே தண்ணீர் பிடித்துவிடலாமா என்றும் யோசித்துப் பார்த்தாள். இன்னும் ஐந்து நாள். ஒரு நாளைக்கு எட்டு தரம் பால். நாற்பது பாட்டில். அந்த எண்ணிக்கை மனசிலிருந்து இறங்க மறுத்தது. உண்மையைச் சொன்னால் வேலை போகும். வீரமுத்துவுக்கு முதுகு வலி வந்து லாரியை விட்டு எட்டு மாதம் ஆகிறது. வீட்டில் அடுப்பு எரிவது இந்த மூன்று பாட்டிலில்தான்.

திங்கட்கிழமை காலை எட்டரைக்கு, கம்பெனியில் வருகை பதியும் டைம் ஆபீஸ் பக்கத்துக் கொட்டகையில் வாரக் கூட்டம். பத்து நிமிடம்தான். அவரவர் செய்த தவற்றை அவரவரே எழுந்து சொல்ல வேண்டும். தானாகச் சொன்ன தவற்றுக்கு மெமோ கிடையாது என்பது ராஜராஜன் போட்ட சட்டம். தொழிலாளிகள் இதற்குப் பாவமன்னிப்புக் கூட்டம் என்று பெயர் வைத்திருந்தார்கள். முதல் மூன்று மாதம் யாரும் வாய் திறக்கவில்லையாம். மேனேஜரே வாரா வாரம் தன் தவற்றைச் சொல்லிவிட்டு உட்கார்ந்திருக்கிறார். காண்ட்ராக்ட் ஆட்களை யாரும் வரச் சொன்னதுமில்லை, வரவேண்டாம் என்றதுமில்லை. தனம் கடைசித் தூணில் சாய்ந்து நின்றாள்.

எலக்ட்ரீஷியன் பிரேம் எழுந்தான். "வியாழக்கெழம சங்கு ஊதுனது நான்தான் சார். மோட்டார் சுவிட்ச்சுன்னு நெனச்சு அமுக்கிட்டேன். ரெண்டும் ஒரே கலர்ல பக்கத்துப் பக்கத்துல இருக்கு."

"எங்க அம்மா பயந்துபோயி அரை சோத்தோட எந்திரிச்சிருச்சுடா" என்று பின்னாலிருந்து ஒருவன் சொல்ல, கொட்டகையே சிரித்தது. ராஜராஜனும் சிரித்தார். சங்கு சுவிட்சுக்கு இன்றைக்கே மூடி போடச் சொன்னார். அவ்வளவுதான். பிரேம் உட்கார்ந்துவிட்டான். வியாழக்கிழமை அத்தனை பேரை ஓடவிட்ட தப்பு, இரண்டு நிமிடத்தில் ஒரு மூடியோடு தீர்ந்துபோனது.

"வேற யாராச்சும்?"

தனத்தின் கை தானாக உயர்ந்தது. "ஒண்ணு கேக்கணும் சார். காண்ட்ராக்ட் ஆளுங்களுக்கும் அந்தச் சட்டம் உண்டுங்களா?"

ராஜராஜன் பக்கத்தில் நின்ற அதிகாரியைப் பார்த்தார். அவர் உதட்டைப் பிதுக்கினார். காண்ட்ராக்ட் சூப்பர்வைசர் செல்போனை எடுத்துப் பார்ப்பதுபோல் குனிந்துகொண்டார்.

"தெரியலம்மா" என்றார் ராஜராஜன். அவர் குரலில் அயர்ச்சி இருந்தது. "இத்தன நாளா நான் அத யோசிக்கவே இல்ல. அது என் தப்பு. நீங்க கம்பெனி ஆளு இல்ல, காண்ட்ராக்டர் ஆளு. ஹெட் ஆபீஸக் கேட்டுத்தான் சொல்ல முடியும். உண்டுன்னு இப்ப சொன்னா அது பொய்யாயிடும்."

உண்டு என்று ஒரு பொய் சொல்லியிருக்கலாம் இந்த மனுஷன் என்று தனத்துக்கு ஆத்திரமாக வந்தது. திரும்பி நடந்தால் நாலு எட்டில் கேட். பக்கத்தில் நின்றவன் செல்போனில் மணி பார்த்தான். எட்டு முப்பத்தெட்டு. இந்நேரம் அங்கே காலைப் பால் கரைத்துக்கொண்டிருப்பார்கள்.

"மூணாம் நம்பர் கெணத்துல நான் ஏழு மாசமா தண்ணி புடிக்கல சார்" என்றாள். "ரெண்டாம் நம்பர்லயே ரெண்டு பாட்டிலும் புடிச்சிட்டேன். அந்த வூட்டுக்கும் எனக்கும் பேச்சு இல்ல. அங்க இப்ப ஒரு கைக்கொழந்த இருக்குது. கால்ல போட்டு ஆட்டுற கொழந்த சார்."

யாரும் சிரிக்கவில்லை. முன்வரிசையில் லாவண்யா மெதுவாகத் திரும்பிப் பார்த்தாள். அவள் முகத்தில் கோபம் இல்லை. ரெட்டைப் பிள்ளைகள் மாதிரி வந்த கணக்கின் விடை தெரிந்துவிட்ட அலுப்பு மட்டும் இருந்தது.

லாவண்யா அப்போதே ஜீப்பில் போய் மூன்றாம் கிணற்றில் தண்ணீர் எடுத்து வந்தாள். தனத்தை ஆய்வக வாசல் பெஞ்சில் உட்காரச் சொன்னார்கள். உள்ளே ராஜராஜன் அறையில் குரல்கள் உயர்ந்தன. "இத வெளிய சொன்னா நம்ம தலையில நாமளே மண்ண வாரிப் போட்டுக்குற மாதிரி சார்" என்றது ஒரு குரல். "ஏழு மாசப் பச்சையும் பொய்யின்னு ஊர்க்காரன் கம்பெனி கேட்டுக்கு வருவான்."

"வரட்டும்" என்றார் ராஜராஜன். "போர்டு வச்சது நம்ம மூஞ்சிய அலங்காரம் பண்றதுக்கா?"

மூன்றரை மணிக்கு லாவண்யா வெளியே வந்தாள். நாற்பத்தைந்துக்குள் இருக்க வேண்டிய நைட்ரேட் எழுபத்திரண்டு. உரமா, மாட்டுக் கொட்டகையா, வெடிமருந்தா என்று இனிமேல்தான் பார்க்க வேண்டும். எதுவாக இருந்தாலும் அதையும் போர்டில் எழுத ராஜராஜன் சொல்லியிருக்கிறாராம். கீழத்தெருவுக்குத் தண்ணீர் லாரி கிளம்பிக்கொண்டிருந்தது. தனத்தின் வேலை பற்றி ஹெட் ஆபீஸிலிருந்து பதில் வரவில்லை.

"ஆட்டோல மைக் கட்டிச் சொல்லப் போறாங்கக்கா" என்றாள் லாவண்யா.

"அந்த ஒரு வூட்டுக்கு மட்டும் நான் போறேன் பாப்பா."

கேன் தண்ணீர் ஒன்றை வாங்கி இடுப்பில் வைத்துக்கொண்டு தனம் நடந்தாள். பஸ் நிறுத்தத்தில் ஒருவன் ஏணி மேல் நின்று மூன்றுக்கு நேரே இருந்த பச்சையைச் சுரண்டிக்கொண்டிருந்தான். கீழே நாலைந்து பேர் கூடி, கம்பெனியை அசிங்கமாகத் திட்டினார்கள். ஒருவன் அவளைப் பார்த்ததும் காறித் துப்பினான். சேதி அதற்குள் வந்துவிட்டிருந்தது. அவள் நிற்கவில்லை. வெட்டிய வேப்பமரத்தின் அடிக்கட்டையில் புதிதாகத் துளிர் கிளம்பியிருந்தது. அதைத் தாண்டியதும் கிணற்று மேடு. மண்ணை வாரித் தூற்றிச் சத்தியம் செய்த காலை அதன்மேல் வைத்து ஏறினாள். பாம்பு ஒன்றும் கடிக்கவில்லை.

உண்ணாமலை கிணற்றடியில் குழந்தையின் துணிகளை அலசிக்கொண்டிருந்தாள். ஏழு மாதத்தில் முன்மயிர் நரைத்திருந்தது. தலையை நிமிர்த்திப் பார்த்தாள். மறுபடி குனிந்து பிழிந்தாள். உள்ளே குழந்தை சிணுங்குவதும், சுவாதி ஏதோ சொல்லித் தட்டுவதும் கேட்டது. தனம் கேனைத் துவைகல்லில் இறக்கி வைத்தாள்.

"கொழந்தைக்கு இந்தக் கெணத்துத் தண்ணி வேணாங்க்கா. கெட்டுப் போயிருக்குது. இன்னிக்குத்தான் பாத்தாங்க. இத்தன நாளா போர்டுல இருந்தது பொய்யி. நான் இங்க தண்ணி புடிக்கவே வரல. ஆபீஸ்ல சொல்லிட்டேன். நீ என்ன வேணா திட்டிக்க. கொழந்தைய மட்டும் அரியலூர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயி ஒருதரம் காட்டிடு. கம்பெனி ஜீப் வருது."

உண்ணாமலையின் கையில் இருந்த துணி அப்படியே நின்றது. சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் வடிந்து அவள் பாதத்தில் விழுந்தது. வசவு வரும் என்று தனம் காத்திருந்தாள். உண்ணாமலை கேனைப் பார்த்தாள், கிணற்றைப் பார்த்தாள், பிறகு வீட்டு வாசலைப் பார்த்தாள்.

"நீ ஏழு மாசமா வரலன்னு எனக்குத் தெரியாதா தனம்? வாயத் தொறந்தா உன் வேல போயிடுமேன்னுதான்டி, பேசாம அந்தத் தண்ணியவே காய்ச்சிக் குடுத்துக்கிட்டிருந்தேன்."